அயலாரையும் விசாரியுங்கள்

2018ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அம்பாறையிலே ஓர் உணவுக்கடையிற் பரிமாறிய கறியிற் கட்டிகள் காணப்பட்டன. அவை மலட்டுத்தன்மையை உண்டாக்கும் மாத்திரைகள் என ஒரு வதந்தி எழுந்து, கைத்தொலைபேசிகளின் வழியே பரவியது. அவை வெறும் மாக்கட்டிகளே எனப் பின்னர் அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர் அறிவித்தார். ஆயினும், அதற்கு முன்னரே கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டுவிட்டன.

கல்வியறிவில்லாதோரே இத்தகைய பொய்களுக்கு இரையாவர் என நாம் எண்ணுகிறோம். பல்கலைக்கழகப் படிப்பு நம் பிள்ளைகளைக் காக்கும் என்றும் நம்புகிறோம். அந்நம்பிக்கை எத்துணை உறுதியானது?

அமெரிக்காவிலுள்ள ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளரான சாம் வைன்பேர்க், சாரா மக்ரூ ஆகிய இருவரும் 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கலாநிதிப் பட்டம் பெற்ற சரித்திர அறிஞர் 10 பேர், செய்திகளின் உண்மையைச் சோதிப்பதையே தொழிலாகக் கொண்டோர் 10 பேர், மாணவர் 25 பேர் அதிற் பங்குபற்றினர். குழந்தை வைத்தியர் அமைப்புக்கள் இரண்டின் இணையத்தளங்கள் அவர்கள் முன் வைக்கப்பட்டன. ஒன்று 1930இல் நிறுவப்பெற்ற, பல்லாயிரம் அங்கத்தவரைக் கொண்ட பெருஞ்சங்கம். மற்றது, கொள்கை வேற்றுமையால் 2002இல் தோன்றிய சிறு குழு. மாணவருட் பெரும்பாலோர் சிறு குழுவின் தளத்தையே நம்பத்தக்கதெனக் கொண்டனர்! அதன் பெயரும் தோற்றமும் அவர்களை மயக்கின. அறிஞருட் சிலரும் தடுமாறினர். சோதனையாளர் மட்டும் தவறவில்லை.

காரணம் யாது? மாணவர் அப்பக்கத்தையே மேலிருந்து கீழாக வாசித்தனர். சோதனையாளரோ விரைவிலே அதைவிட்டு நீங்கி, அவ்வமைப்பைப் பற்றிப் பிறர் கூறுவது யாதென வேறு தளங்களிலே தேடினர். மாப்பிள்ளையின் குணத்தை மாப்பிள்ளை வீட்டாரிடம் மட்டும் கேட்டறிந்து எவரேனும் பெண் கொடுப்பரோ? அயலாரையும் விசாரிப்பரன்றோ?

மாணவர்களே! ஒரு செய்தி வந்ததும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதைச் சொல்பவர் யார்? சான்று என்ன? பிறர் என்ன கூறுகின்றனர்? பழைய படத்தைப் புதிய சம்பவமெனக் காட்டுவோரும் உளர். படத்தைக் கொண்டே தேடும் வசதி இணையத்தில் உண்டு. அதனால் அதன் பிறப்பிடத்தை அறியலாம். கோபமும் அச்சமும் ஊட்டும் செய்தியாயின் இருமடங்கு அவதானம் வேண்டும். ஐயம் தீரும்வரை எவருக்கும் அனுப்பாதிருங்கள்.

பொய்ச்செய்தியை அனுப்பியவர் மாமாவோ பெரியப்பாவோ ஆயின், பலர் முன்னிலையில் மறுத்துரைத்து அவர் மனத்தைப் புண்படுத்த வேண்டாம். தனியே சென்று, கண்டறிந்த உண்மையைப் பணிவுடன் காட்டுங்கள். பெரியோரும் அதைக் கேட்கக் கூசலாகாது. அம்பாறையில் அன்றிரவு வேண்டியிருந்தது, சற்றுப் பொறுத்து விசாரிக்கும் பழக்கமே.