நாளைக்கு வரமாட்டேன்மா

ஜவுளிக்கடைகளில் காலையிலிருந்து இரவு வரை நின்றபடியே புடவை எடுத்துப்போடும் பெண்கள் இடையில் சற்று உட்காரலாம் என்று 2021-இல் தமிழகச் சட்டமன்றம் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. உட்காருவதற்கே ஒரு சட்டம் வேண்டியிருந்தது என்பது வேதனைதான். ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை உண்டு என்பதும், அந்த நாளுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது என்பதும் 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்திலேயே வந்துவிட்டன. ஆலைத் தொழிலாளிக்கு வார விடுமுறை அதற்கும் முன்பே வந்துவிட்டது. அந்தக் கடையில் புடவை வாங்குகிற நம் வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்த்து, பெருக்கித் துடைத்து, துணி துவைத்துப்போட்டுவிட்டுப் போகும் பெண்ணுக்குத்தான் அப்படி ஒரு நாள் இல்லை. “நாளைக்கு வரமாட்டேன்மா” என்று அவர் தயங்கித் தயங்கித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. வாரம் ஒரு நாள், கேட்காமலே, சம்பளப் பிடித்தம் இல்லாமல் அவருக்கு லீவு தர வேண்டும். தராதது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. வீட்டுப் பணியாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் 2007-இல் தனி நலவாரியம் அமைந்தது. 2018-இல் குறைந்தபட்ச ஊதியமும் அறிவிக்கப்பட்டது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் ஜெனீவாவில் நிறைவேற்றிய 189-ஆவது உடன்படிக்கை, வீட்டு வேலை செய்பவருக்கு வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. அதற்கு ஆதரவாக வாக்களித்த இந்தியா இன்றுவரை அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. இவர்களுக்கென ஒரு சட்டம் பற்றி ஆராயக் குழு அமைக்கும்படி உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் மத்திய அரசிடம் சொன்னது. சட்டம் வரும்போது வரட்டும். ஒரு நாள் லீவு கொடுக்க நமக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

இதைப் பேசினாலே முதலில் வரும் பதில், “அவங்கதான் சொல்லாமக்கொள்ளாம லீவு போடுறாங்களே” என்பது. உண்மைதான், போடுகிறார்கள். ஆனால் ஏன் என்று பார்க்க வேண்டும். ரேஷன் கடைக்குப் போக, பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட, காய்ச்சலில் படுக்க, ஒன்றும் செய்யாமல் தூங்க யாருக்கும் ஒரு நாள் வேண்டும். அந்த நாளை நேராகக் கேட்டால் முகம் சுளிப்பு. சில வீடுகளில் கணக்குப் பார்த்துப் பிடித்தம். அதனால் ஊரில் யாரோ இறந்துபோக வேண்டியிருக்கிறது, போன் அணைந்துகிடக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பொய்யை அவருடைய குணம் என்று பேசுகிறோம். நாம் வைத்திருக்கும் ஏற்பாடுதான் அதைச் சொல்லவைக்கிறது. கிழமை முன்கூட்டியே தெரிந்தால், முந்தின இரவே பாத்திரத்தைக் குறைத்துக்கொள்ள வீட்டாருக்கும் வழி கிடைக்கும்.

“செலவு கட்டுப்படியாகாது” என்பதை என்னால் ஒப்ப முடியவில்லை. மாதச் சம்பளம் 2,500 ரூபாய் என்று பேசியிருந்தால், நான்கு ஞாயிறு வராவிட்டாலும் அதே 2,500-தான். ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. அலுவலகத்தில் நாம் வாங்கும் மாதச் சம்பளத்திலும் ஞாயிற்றுக்கிழமைகள் சேர்ந்தே இருக்கின்றன. அதை யாரும் சலுகை என்று நினைப்பதில்லை.

இதைவிடக் கடினமான மறுப்பு அன்பிலிருந்து வருவது. “எங்க வீட்டு மனுஷி மாதிரிதான் வெச்சிருக்கோம், தீபாவளிக்குப் புடவை, பிள்ளைக்கு ஃபீஸ், அவசரத்துக்கு முன்பணம்.” இவை பொய்யான அன்பு என்று நான் சொல்லவில்லை, பல குடும்பங்களை இந்த உதவிகள் கரைசேர்த்திருக்கின்றன. ஆனால் வீட்டு மனுஷி படுத்துக்கொண்டால் யாரும் சம்பளம் பிடிப்பதில்லை. கொடுப்பவர் மனம் வைத்தால் கிடைப்பதும், வைக்காவிட்டாலும் கிடைப்பதும் ஒன்றல்ல. முன்பணம் வாங்கியவரால் லீவைப் பற்றி வாய் திறக்கவே முடியாது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உதவியே அங்கே வாயைக் கட்டிவிடுகிறது.

நல்ல மனம் மட்டும் போதாது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஒரே பெண் மூன்று, நான்கு வீடுகளில் வேலை செய்கிறார். ஒரு வீடு ஞாயிறும், இன்னொன்று புதனும், மற்றொன்று வெள்ளியும் லீவு கொடுத்தால், கணக்கில் மூன்று லீவு. அவருக்கோ ஒரு முழு நாள்கூடக் கிடையாது. ஓய்வு நாளைச் சட்டமே தரும் ஊர்களும் இருக்கின்றன. ஹாங்காங்கில் வீட்டுப் பணியாளருக்கு ஏழு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு சட்டப்படி உண்டு. ஞாயிறுதோறும் அந்த நகரத்தின் நடைபாதைகளிலும் பூங்காக்களிலும் பிலிப்பைன்ஸ் பெண்கள் கூடி உட்கார்ந்து சாப்பிட்டுப் பேசுவதைக் காணலாம். சிங்கப்பூர் 2013-இல் வார ஓய்வைக் கொண்டுவந்தது. ஆனால் பணம் கொடுத்து அந்த நாளிலும் வேலை வாங்கலாம் என்று வழி விட்டது. மாதத்தில் ஒரு நாளையாவது அப்படி விலைபேச முடியாது என்று 2023-இல் அது விதியைத் திருத்த வேண்டிவந்தது. ஓய்வுக்கு விலை வைத்தால் ஏழை விற்றுவிடுவாள் என்பதை அங்கே பத்தாண்டுக்குள் கண்டுகொண்டார்கள்.

படுக்கையில் இருக்கும் முதியவரை ஒரு நாள்கூட விட முடியாதே என்பார்கள். அந்த வீடுகளின் கஷ்டம் நிஜமானது. அங்கே லீவு நாளுக்கு மாற்று ஆள் வேண்டும், அதற்குச் செலவும் ஆகும். அந்தப் பாரத்தில் அரசும் பங்கெடுக்க வேண்டும் என்பதே என் கருத்து. பாத்திரம் தேய்க்கவும் வீடு துடைக்கவும் மட்டும் ஆள் வைத்திருக்கும் வீடுகள் இந்தக் காரணத்தைக் கடன் வாங்கக் கூடாது. வேலைக்குப் போகும் பெண்கள் தமக்கும் ஞாயிறு ஒன்றுதான் இருக்கிறது என்கிறார்கள். அந்த நாளில் சிங்க் முன்னால் யார் நிற்பது என்ற கேள்வியை அவர்கள் வீட்டு ஆண்களிடம்தான் கேட்க வேண்டும். இன்னொரு பெண்ணின் ஞாயிறைக் கொண்டு அதைத் தீர்க்கக் கூடாது.

தண்ணீர் லாரிக்கும் கார் நிறுத்துவதற்கும் அடுக்குமாடிச் சங்கங்கள் கூட்டம் போடுகின்றன. அடுத்த கூட்டத்தில் இதையும் ஒரு பொருளாக வைக்கலாம்: எல்லா வீட்டுக்கும் ஒரே கிழமை, விருந்தாளி வந்தாலும் மாறாது, சம்பளத்தில் பிடித்தமில்லை. எந்தக் கிழமை என்பதை மட்டும் அங்கே வேலை செய்யும் பெண்களைக் கேட்டு முடிவுசெய்யட்டும்.