பல் சிகிச்சையில் மூளைத் தொற்று: ஓசூர், கிருஷ்ணகிரி நோயாளிகள் எங்கே முறையிடலாம்?

சந்தேகங்களும் விளக்கங்களும்

வாணியம்பாடியில் ஒரு பல் மருத்துவமனைக்குச் சென்றவர்களைத் தாக்கிய மூளைத் தொற்று பற்றிய ஆய்வு, 2025இல் ‘லான்செட்’ குழும இதழ் ஒன்றில் வெளியானது. அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியிலும், பெரிய சிகிச்சை என்றால் பெங்களூருக்குச் செல்லும் ஓசூரிலும் இது பல கேள்விகளை எழுப்பியுள்ளது.

வாணியம்பாடியில் நடந்தது என்ன?

வடதமிழகத்தில் 2022 ஜூலை முதல் 2023 ஏப்ரல் வரை 21 பேருக்கு ‘நியூரோமெலியாய்டோசிஸ்’ என்ற மூளைத் தொற்று இருந்ததை ஆய்வு கண்டறிந்தது. அவர்களில் 10 பேர் அந்த ஒரே பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்கள். அந்த 10 பேரில் 8 பேர் இறந்தனர், மற்ற 11 பேரில் இறந்தவர் ஒருவர். கிருமி நீக்கப்படாத கருவியால் சலைன் பாட்டிலைத் திறந்து, பஞ்சால் லேசாக அடைத்து வைத்து, அதையே அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் பயன்படுத்தியது காரணமாகச் சுட்டப்பட்டுள்ளது. முற்றிலும் தவிர்த்திருக்கக்கூடிய தவறு இது.

இந்தக் கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுமா?

அது மிக அரிது. மண்ணிலும் நீரிலும் வாழும் பாக்டீரியா இது. பல் சிகிச்சைக்குப் பின் காய்ச்சல், கடும் தலைவலி, முக வீக்கம், பேச்சுக் குழறல் தோன்றினால், பல் சிகிச்சை பெற்ற விவரத்தையும் மருத்துவரிடம் சொல்வது அவசியம். ஊசி வழி மருந்தும், தொடர்ந்து சில மாதங்களுக்கு மாத்திரையும் தேவைப்படும்.

அறுவைக் கருவிகள் மூலம் பரவும் ‘பிரியான்’ நோயும் இதுவும் ஒன்றா?

இல்லை. குரூட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் எனப்படும் அந்த நோய், உருமாறிய புரதத்தால் வருவது. அதற்குக் குணப்படுத்தும் மருந்து இல்லை. வழக்கமான கிருமி நீக்க முறையில் அந்தப் புரதம் முழுமையாக அழிவதில்லை. 2013இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநில மருத்துவமனை ஒன்று, மூளை அறுவை சிகிச்சை பெற்ற 8 பேருக்கு இந்த ஆபத்து நேர்ந்திருக்கலாம் என அறிவித்தது.

பெங்களூரில் சிகிச்சை பெற்ற ஓசூர்வாசி, கர்நாடகத்தில்தான் வழக்குத் தொடர வேண்டுமா?

வேண்டியதில்லை. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே மனு செய்ய அனுமதிக்கிறது. எனவே ஓசூரில் வசிப்பவர் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். ஓசூரில் வசித்து பெங்களூரில் வேலை பார்ப்பவருக்கு இரண்டு வாய்ப்புகளும் உண்டு. மருத்துவமனையின் உரிமம் தொடர்பான புகார் மட்டும், அது அமைந்துள்ள மாநிலத்தின் அதிகாரிகளிடமே செல்ல வேண்டும்.

மனுவுக்குக் கட்டணம் எவ்வளவு? வழக்கறிஞர் கட்டாயமா?

வழக்கறிஞர் கட்டாயமில்லை. மருத்துவமனைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய், 50 லட்சம் வரை 1,000 ரூபாய். செலுத்திய தொகை 50 லட்சத்தைத் தாண்டினால் மாநில ஆணையத்துக்கும், 2 கோடியைத் தாண்டினால் தேசிய ஆணையத்துக்கும் செல்ல வேண்டும். கேட்கும் இழப்பீடு எவ்வளவு என்பது இதில் கணக்கில் வராது.

இஎஸ்ஐ அல்லது கம்பெனி காப்பீட்டில் சிகிச்சை பெற்ற தொழிலாளிக்கு இந்த உரிமை உண்டா?

உண்டு. இஎஸ்ஐ மருத்துவமனைச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதே என 2007இல் கிஷோர் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொழிலாளியின் சம்பளத்தில் 0.75 சதவீதமும், நிறுவனத்தின் பங்காக 3.25 சதவீதமும் செலுத்தப்படுவதால் அது இலவசச் சேவை ஆகாது. காப்பீட்டு நிறுவனமோ வேலை தரும் நிறுவனமோ கட்டணம் செலுத்தினாலும் இதே நிலைதான். அனைவருக்கும் முழு இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை இதில் வராது. அங்கு நேர்ந்த பாதிப்புக்கு உரிமையியல் நீதிமன்றத்தையோ உயர் நீதிமன்றத்தையோ நாட வேண்டும்.

நோய் சில ஆண்டுகள் கழித்துத் தெரியவந்தால்?

வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை ஆணையம் மன்னிக்கலாம். பாதிப்பு உடனே வெளியில் தெரியாத வழக்குகளில், நோயாளி அதைக் கண்டறிந்த, அல்லது கண்டறிந்திருக்க வேண்டிய நாளிலிருந்தே காலம் கணக்கிடப்படும் என 2010இல் ஸ்ரீகண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஆனால் அந்த வழக்கின் நோயாளி, வலி இருந்தும் பல ஆண்டுகள் காத்திருந்ததால் தோற்றார். அறிகுறி தெரிந்த பின் தாமதிப்பது வழக்கையே இழக்கச் செய்யலாம்.

தொற்று அபாயத்துக்கு ஆளானேன், நோய் வரவில்லை. இழப்பீடு கிடைக்குமா?

உடல், உடைமைக்கு மட்டுமன்றி மனதுக்கு விளையும் தீங்கையும் பாதிப்பாகவே 2019 சட்டம் வரையறுக்கிறது. ஆகவே கோரலாம், ஆனால் கவனக்குறைவு நடந்ததையும், அதனால் மன உளைச்சல் ஏற்பட்டதையும் நிரூபிக்க வேண்டும். வெறும் சந்தேகம் போதாது.

ஆவணங்களை மருத்துவமனை தர மறுத்தால்?

உள்நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளை 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் கூறுகின்றன. மறுக்கும் மருத்துவர் மீது மாநில மருத்துவக் கவுன்சிலிலும், பல் மருத்துவர் பற்றிய புகார் என்றால் மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலிலும் முறையிடலாம்.

காவல் துறையில் புகார் அளிக்கலாமா?

அளிக்கலாம், குறிப்பாக மரணம் நேர்ந்திருந்தால். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவு, சிகிச்சையின்போது கவனக்குறைவால் மரணம் விளைவித்த பதிவு பெற்ற மருத்துவருக்கு 2 ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. அதற்கு முந்தைய சம்பவங்களுக்குப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவு பொருந்தும். மருத்துவர் தண்டிக்கப்பட, சாதாரணத் தவறு அல்ல, மிகக் கடுமையான கவனக்குறைவு நிரூபிக்கப்பட வேண்டும் என 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கின் தீர்ப்பு கூறுகிறது. மேல் நடவடிக்கைக்கு முன் வேறொரு மருத்துவரின், இயன்றவரை அரசு மருத்துவரின், கருத்தைப் போலீஸார் பெற வேண்டும்.