நால்வருக்கு 7,000 ரூபாய், 192 நாட்டுக்கு 192 வாரம்

கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். பிள்ளைகளுக்கு வயது 8, 6 என்று கொள்வோம். சாதாரண முறையில் 36 பக்கப் பாஸ்போர்ட் எடுக்கப் பெரியவர்களுக்குத் தலா 1,500 ரூபாய், பிள்ளைகளுக்கு, வயதுச் சலுகை எதையும் கழிக்காமல், தலா 1,000 ரூபாய். நால்வருக்கும் 5,000 ரூபாய். பெரியவர்களின் பாஸ்போர்ட் 10 ஆண்டு செல்லும். பிள்ளைகளுடையது 5 ஆண்டில் காலாவதியாகும். ஒருமுறை புதுப்பிக்க மேலும் 2,000 ரூபாய். ஆக 10 ஆண்டுக்கு 7,000 ரூபாய், ஆண்டுக்கு 700 ரூபாய். விசாவும் விமானக் கட்டணமும் இதில் சேரவில்லை. 2011 கணக்கெடுப்பில் 44,781 பேர் வாழ்ந்த திருத்தணியில், இந்தக் குடும்பம் வீட்டிலிருந்தபடியே வெளிநாடு பார்க்க ஆகும் செலவை இந்த 700 ரூபாயைக் கொண்டு அளந்து பார்க்கலாம்.

முதலில் அலைபேசித் தரவு. இந்தியாவில் 1 ஜிபி-யின் சராசரி விலை 2014-இல் சுமார் 269 ரூபாய். 2023-இல் சுமார் 9 ரூபாய். வீழ்ச்சி ஏறத்தாழ 97 விழுக்காடு. நடுத்தரத் தெளிவுள்ள காணொளி மணிக்கு அரை ஜிபி எடுக்கும் என்று வைத்து, ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் குடும்பமே ஒரு நாட்டைப் பார்த்தால், 52 வாரத்துக்கு 2014 விலையில் 6,994 ரூபாய். 2023 விலையில் 234 ரூபாய். 2014-இன் ஓராண்டுக் காட்சிச் செலவுக்கும் நான்கு பேரின் 10 ஆண்டுப் பாஸ்போர்ட் கட்டணத்துக்கும் இடையே 6 ரூபாய்தான் வித்தியாசம். 2023-இன் செலவு ஆண்டுப் பாஸ்போர்ட் பங்கில் மூன்றில் ஒன்று. கைபேசியின் விலையைச் சேர்த்தால் இந்த விகிதம் மாறும்.

அதே தரவில் தெருக்களைத் திரையில் காட்டும் கூகுள் ஸ்ட்ரீட் வியூ 2007 மே மாதம் அமெரிக்காவின் 5 நகரங்களில் தொடங்கியது. இந்தியாவுக்கு முறைப்படி வந்தது 2022 ஜூலையில், சென்னை உட்பட 10 நகரங்களில். இடைவெளி 15 ஆண்டு 2 மாதம். அத்தனை காலமும் திருத்தணிச் சிறுவனால் அதில் சான்பிரான்சிஸ்கோ தெருவில் நடக்க முடிந்தது. ஏறத்தாழ 85 கி.மீ. தொலைவிலுள்ள சென்னைத் தெருவில் முடியவில்லை.

சிற்றலை வானொலியில் கேட்பவருக்குச் செலவு இன்னும் குறைவு. பிபிசி தமிழோசை 3-5-1941 முதல் 30-4-2017 வரை ஒலித்தது: 76 ஆண்டுக்கு 2 நாள் குறைவு. சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்பு 1-8-1963-இல் தொடங்கியது. ஒலியின் தரத்தை ‘சின்போ’ முறையில் 5 கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பிட்டு அறிக்கை அனுப்பினால் நிலையத்திலிருந்து வண்ண அட்டை வரும். நேயரின் செலவு வானொலிப் பெட்டி, மின்கலம், அஞ்சல் தலை. ஒலிபரப்பியின் செலவு முழுவதும் அயல்நாட்டு நிலையத்துடையது. மணிலாவின் வேரித்தாஸ் வானொலி 30-6-2018-இல் சிற்றலையை நிறுத்தியபோது, பழுதில்லாத பெட்டியிலிருந்தே ஒரு நாடு போயிற்று. இலவசமாகக் கிடைப்பதன் கணக்கில் இந்த இடரையும் எழுத வேண்டும்.

அஞ்சல் தலைக்கு வருவோம். 1874-இல் பெர்ன் நகரில் தொடங்கிய உலக அஞ்சல் ஒன்றியத்தில் இந்தியா 1876-இல் சேர்ந்தது. இன்று உறுப்பு நாடுகள் 192. வாரத்துக்கு ஒரு நாடு என்று ஆல்பத்தில் பக்கம் ஒதுக்கினால் 192 வாரம். ஆறாம் வகுப்பில் தொடங்கும் பிள்ளை ஒன்பதாம் வகுப்பை முடிக்க 4 ஆண்டு, 208 வாரம். மீதி 16, ஆண்டுக்கு 4 வாரம் தேர்வுக்கு விடலாம். இந்திய அஞ்சல் துறையில் 200 ரூபாய் முன்பணம் கட்டி அஞ்சல் தலைக் கணக்கு தொடங்கினால் புதிய வெளியீடுகள் வீட்டுக்கே வரும். ஆனால் அவை இந்தியத் தலைகள் மட்டுமே. பிற நாட்டினது வேண்டுமானால் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் உறவினர்தான் வழி, அல்லது 2005 ஜூலையில் தொடங்கிய போஸ்ட்கிராசிங். அதில் ஒரு அஞ்சலட்டை போய்ச் சேர்ந்தால் இன்னொரு நாட்டிலிருந்து ஒன்று வரும். புதியவர் ஒரே நேரத்தில் 5 அட்டை அனுப்பலாம்.

192 என்பதும் நிலையான எண் அல்ல. 1991-இல் சோவியத் ஒன்றியம் 15 நாடானது. 1993-இல் செக்கோஸ்லோவாக்கியா 2 ஆனது. இல்லாத நாட்டின் பெயர் தலையில் ஏன் இருக்கிறது என்று பிள்ளை கேட்டால், திருத்தணிக் குடும்பம் சொந்த முகவரியைக் காட்டலாம். 1967-இல் 15 காசுத் தலையில் இடம்பெற்ற முன்னாள் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் 1888-இல் இங்கே பிறந்தபோது ஊர் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1-4-1911 முதல் 31-3-1960 வரை, சரியாக 49 ஆண்டு, சித்தூர் மாவட்டம். அதில் கடைசி 6 ஆண்டு 6 மாதம் ஆந்திரம். அடுத்து செங்கல்பட்டு மாவட்டம். 1997 முதல் திருவள்ளூர். மலையும் அதன் 365 படிகளும் நகரவில்லை. முகவரியில் மாவட்டம் 4 ஆயிற்று.

இந்தப் பொழுதுபோக்கில் வரவுக்கும் ஒரு வழி உண்டு. 2017 நவம்பரில் அறிவிக்கப்பட்ட தீன் தயாள் ஸ்பர்ஷ் திட்டம், அஞ்சல் தலை சேர்க்கும் 6 முதல் 9 வரையிலான வகுப்பு மாணவர்களில் நாடு முழுவதும் 920 பேருக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தருகிறது. மொத்தம் 55,20,000 ரூபாய். ஒருவருக்குக் கிடைப்பது 30 அஞ்சல் தலைக் கணக்குகளின் முன்பணம். ஓர் அஞ்சல் வட்டத்துக்கு, வகுப்புக்கு 10 பேர் வீதம், 40 இடம். தமிழ்நாட்டு வட்டத்தில் 38 மாவட்டங்களும் புதுச்சேரியும் அடங்கும். மாவட்டத்துக்கு ஏறத்தாழ 1 இடம். திருத்தணிக் குடும்பம் இந்த 6,000 ரூபாயை முன்கூட்டியே வரவில் எழுதாமல் இருப்பதே சரி.