சிபாரிசும் பரிந்துரையும்

தஞ்சை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்தவர் இந்தியாவில் மனநல மருத்துவ மேற்படிப்பில் சேர, பெரும்பாலும் முதுநிலை நீட் தேர்வின் 200 வினாக்களே வாசல். எவருடைய கடிதமும் வேண்டாம். அவரே அமெரிக்காவுக்கு விண்ணப்பித்தால், மூன்று, நான்கு பேராசிரியர்களின் கடிதங்கள் வேண்டும். அவற்றைப் படிக்கும் உரிமையையும் விண்ணப்பதாரர் பெரும்பாலும் முன்கூட்டியே துறந்துவிடுகிறார்.

காரணம் பொருளியல் சார்ந்தது. ஒரு தரப்புக்குத் தெரிந்தது மறுதரப்புக்குத் தெரியாத சந்தைகளை ஆராய்ந்தமைக்காகவே அக்கர்லாஃப், ஸ்பென்ஸ், ஸ்டிக்லிட்ஸ் மூவரும் 2001-இல் நோபல் பரிசு பெற்றனர். வாய் திறவாத நோயாளியின் எதிரே ஒருவர் எவ்வளவு பொறுமையாக அமர்ந்திருப்பார் என்பதை மதிப்பெண் காட்டாது. உடனிருந்து பார்த்த ஆசிரியர் சொல்லலாம். ஆனால், பாராட்டுக்குச் செலவில்லை. ஆகவே, பணவீக்கம்போலப் புகழ்வீக்கமும் நேர்கிறது. ‘ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி’ என்று நாம் எழுதும் நன்னடத்தைச் சான்றிதழ் நடை, அங்கே நல்ல மாணவரையும் மங்கலாக்கிவிடுகிறது.

இம்முறை இங்கும் வரவேண்டும் என்பாருடன் எனக்கு உடன்பாடில்லை. கடிதம் ‘சிபாரிசு’ ஆகிவிடும் நாட்டில், ஒரத்தநாட்டு விவசாயியின் மகளுக்குத் தரவரிசையே அரண். வெளிநாடு செல்வோருக்கு எழுதும்போதேனும், மாணவர் கையாண்ட ஒரே ஒரு நோயாளியைப் பற்றி விரிவாக எழுதலாம். ஊரையும் தொழிலையும் மட்டும் தவிர்க்க வேண்டும்; டெல்டாவில் அவ்விரண்டும் தெரிந்தால் ஆள் தெரிந்துவிடும்.