சாகோஸ்: சொந்த ஊருக்கு அனுமதி இல்லை

மாலத்தீவுக்குத் தெற்கே சுமார் 500 கிலோமீட்டர் தொலைவில், இந்தியப் பெருங்கடலின் நடுவே கிடக்கும் பவளத்தீவுக் கூட்டம் சாகோஸ். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே தென்னந்தோப்பு போட்ட பிரெஞ்சுக்காரர்கள், ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். பிறகு தென்னிந்தியக் கூலிகளும் வந்து சேர்ந்தார்கள். தேங்காய் உடைத்து, கொப்பரை காயவைத்துத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்ததில், கிரியோல் பேசும் தனி மக்களாக அவர்கள் ஆனார்கள்.

1965இல் பிரிட்டன், விடுதலைக்குக் காத்திருந்த மொரீசியஸிடம் 30 லட்சம் பவுண்டு கொடுத்து இத்தீவுகளைப் பிரித்துக்கொண்டது. அமெரிக்காவுக்கு இத்தீவுகளில் ஒன்றான டியேகோ கார்சியாவில் படைத்தளம் வேண்டும். அதுவும் ஆளில்லாத தீவாக வேண்டும். குடிமக்கள் இருப்பதாக ஒப்புக்கொண்டால் ஐ.நா.வில் பதில் சொல்ல நேரும். ஆகவே அங்கிருப்போர் ஊர்க்காரர்களே அல்ல, ஒப்பந்தக் கூலிகள்தாம் என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் கோப்பில் எழுதினார்கள். பின்னால் நடந்த அத்தனைக்கும் அஸ்திவாரம் இந்தப் பொய்.

மருத்துவத்துக்காக மொரீசியஸ் போனவர்களுக்கு ஊர் திரும்பக் கப்பலில் இடம் தரப்படவில்லை. தீவுக்கு வரும் உணவும் மருந்தும் குறைக்கப்பட்டன. 1971இல் வளர்ப்பு நாய்களைக் கொப்பரைக் கொட்டகையில் அடைத்து, வண்டிப் புகையைச் செலுத்திக் கொன்றார்கள். அடுத்து நமக்கும் இதே கதிதானோ என்று மக்கள் அஞ்சியதில் வியப்பில்லை. 1973க்குள் ஏறத்தாழ 1,500 முதல் 2,000 பேர் மொரீசியஸிலும் சீஷெல்ஸிலும் இறக்கிவிடப்பட்டார்கள். பெரும்பாலோருக்கு வாய்த்தது மொரீசியஸ் தலைநகர் போர்ட் லூயியின் சேரி வாழ்க்கை. ஊரை இழந்த துயரை அவர்கள் 'சாக்ரேன்' என்பார்கள். அதனாலேயே செத்துப்போனார்கள் என்று உறவினரைப் பற்றிச் சொல்வதும் உண்டு.

சாகோஸ் மக்களில் ஒருவரான ஒலிவியே பான்கூ தொடுத்த வழக்கில், மக்களை வெளியேற்றியது சட்டவிரோதம் என்று 2000 நவம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டியேகோ கார்சியா தவிர்த்த தீவுகளுக்குத் திரும்பலாம் என்று அரசும் இறங்கிவந்தது. ஆனால் 2004இல், நாடாளுமன்றத்தைக் கேட்காமலே, அரச ஆணை மூலம் அந்த உரிமை பறிக்கப்பட்டது. 2008இல் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் 3-2 என்ற கணக்கில் அதற்குத் துணைநின்றார்கள்.

2019இல் சர்வதேச நீதிமன்றம், தீவுகளைப் பிரித்ததே முறையல்ல என்று கருத்துரைத்தது. அதன் பிறகு நீண்ட பேச்சுவார்த்தை நடந்து, 2025 மே மாதம் பிரிட்டனும் மொரீசியஸும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதன்படி இறையாண்மை மொரீசியஸுக்கு. டியேகோ கார்சியா 99 ஆண்டுக் குத்தகையில் பிரிட்டனுக்கு. குடியேற்றம் மற்றத் தீவுகளில் மட்டும். 2000இல் பிரிட்டன் சொன்னதும் இதேதான்! இதைப் பேசி முடிக்கும்போது சாகோஸ் மக்களுக்கு மேசையில் இடம் இல்லை.

டியேகோ கார்சியாவில் இன்று படைவீரர்கள் இருக்கிறார்கள், வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். 2021இல் கடலில் மீட்கப்பட்ட இலங்கைத் தமிழ் அகதிகள்கூட அங்கே மூன்றாண்டுகள் அடைபட்டுக் கிடந்தார்கள். அங்கே பிறந்தவர்களுக்குத்தான் குடியிருக்க அனுமதி இல்லை.