சாரல் நேரத்தில் குரோமோலி வெல்டிங்: மறுநாள் விரிசல் விழுவது ஏன்?

ஜூன் பிறந்தா குற்றாலத்தில் சாரல், தென்காசி பக்கம் முழுக்க ஈரக்காற்று. குளிக்க வருபவர்களுக்குக் கொண்டாட்டம். ஆனா வீட்டு ஷெட்டில் குரோமோலி குழாயை வெல்டிங் செய்பவர்களுக்கு இதே ஈரம்தான் எதிரி. ஏன்னு பார்க்கலாம்.

குரோமோலி என்றால் என்ன?

சுமார் 1% குரோமியம், 0.2% மாலிப்டினம், 0.3% கார்பன் கலந்த எஃகு. 4130 என்பது இதில் பிரபலமான ரகம். சாதா இரும்புக் குழாயைவிட வலு அதிகம் என்பதால் மெல்லிய குழாயே போதும், எடை குறையும். சைக்கிள் ஃபிரேம், ரேஸ் காரில் ஓட்டுநரைக் காக்கும் கூண்டு என உயிரைத் தாங்கும் இடங்களில் இதைப் பயன்படுத்துறாங்க. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கார் செய்யும் கல்லூரி மாணவர்களுக்கும் இது பழகிய பெயர்.

ஈரம் என்ன செய்யும்?

ஆர்க் சூட்டில் ஈரத்திலிருந்து ஹைட்ரஜன் பிரிந்து, உருகிய உலோகத்துக்குள் புகுந்துவிடும். இந்த எஃகு வேகமாக ஆறினால், வெல்டை ஒட்டிய பகுதி கண்ணாடி மாதிரி கடினமாகி, நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். ரெண்டும் சேர்ந்தால் விரிசல்தான். அது உடனே தெரியாது. சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ விழலாம்.

என்ன செய்யணும்?

* துரு, எண்ணெயைத் தேய்த்து எடுத்து, அசிட்டோனால் துடைங்க. குழாய் ஈரமாக இருந்தால் லேசாகச் சூடுகாட்டி உலர்த்துங்க.
* மெல்லிய குழாய்க்கு டிக் வெல்டிங் ஏற்றது. இஆர்70எஸ்-2 ஃபில்லர் கம்பியைப் பலரும் பயன்படுத்துறாங்க.
* வெல்டு மேல் நேராகக் காற்று படக்கூடாது. ஆர்கான் வாயு கலைந்தால் வெல்டில் ஓட்டை விழும். அதுக்காக ஷெட்டை முழுசா மூடாதீங்க. ஆர்கான் தேங்கினால் மூச்சுத்திணறும்.
* முடிந்ததும் தண்ணீர் ஊற்றவே கூடாது. கம்ப்ரஸர் காற்றும் அடிக்காதீங்க. தானா ஆறட்டும்.
* ஒரு நாள் விட்டு, டை பெனிட்ரன்ட் சோதனை செய்யுங்க. மேல்பரப்பில் இருக்கும் மயிரிழை விரிசலையும் அந்தச் சாயம் காட்டிக்கொடுக்கும்.

ரோட்டில் ஓடும் வண்டியில் செய்யலாமா?

தயாரிப்பாளரின் வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு பொதுவாகத் தடை செய்கிறது. அதனால் பழகுபவர்கள் முதலில் துண்டுக் குழாய்களை ஒட்டி, உடைத்துப் பாருங்க. வெல்டை ஒட்டி 'படக்'கென்று முறிந்தால், அந்தக் கை இன்னும் ஃபிரேமைத் தொடும் அளவுக்குத் தயாராகலை என்று அர்த்தம்.