தராசு முள் நகர மறுக்கும்போது

மிகை உடற்பருமனுக்காக இரைப்பையிற் சத்திரசிகிச்சை செய்துகொள்வோரின் தொகை உலகெங்கும் பெருகி வருகின்றது. எமது நாட்டிலும் இச்சிகிச்சை பல ஆண்டுகளாக நடைபெற்று வருகின்றது. சிகிச்சைக்கு முந்திய படத்தையும் பிந்திய படத்தையும் அருகருகே வைத்துக் காட்டும் விளம்பரங்களைப் பார்ப்போர், கத்தி பட்டதும் கொழுப்புக் கரைந்துவிடும் என்றே எண்ணுகின்றனர். அவ்விரு படங்களுக்கும் இடையே கழிந்த மாதங்களைப் பற்றி விளம்பரம் பேசுவதில்லை.

எமக்கு நன்கு அறிமுகமான ஆசிரியை ஒருவர் அம்மாதங்களின் நடுவே தடுமாறியவர். 160 சென்ரிமீற்றர் உயரமுடைய அவர் 118 கிலோ எடையுடன் சத்திரசிகிச்சை மேசைக்குச் சென்றார். ஆறு மாதங்களின் பின்னர் 18 கிலோ குறைந்திருந்தது. அவருடன் அதே வாரத்தில் அதே சிகிச்சையைப் பெற்ற இன்னொருவருக்கோ 30 கிலோ குறைந்துவிட்டது. "இவ்வளவு காசைக் கொட்டி வயிற்றை வெட்டியும் இவ்வளவுதானா பிள்ளை?" என்று கலியாண வீடொன்றில் உறவினர் ஒருவர் கேட்ட நாள்முதல் ஆசிரியை கிளினிக்கிற்குப் போவதை நிறுத்திக்கொண்டார். நாளொன்றுக்கு ஒரு வேளை மட்டுமே உண்பதென்றும் தாமாகவே முடிவு செய்தார். எடை மெல்லக் குறைவதைவிட இந்த இரண்டு முடிவுகளுமே ஆபத்தானவை என்பதை அவர் அறிந்திருக்கவில்லை.

இன்று பெருமளவிற் செய்யப்படுவன இரண்டு வகைச் சிகிச்சைகளாகும். ஒன்றில் இரைப்பையின் 75 முதல் 80 வீதம் வரையான பகுதி வெட்டி நீக்கப்பட்டு, எஞ்சியது ஒடுங்கிய குழாய்போல் ஆக்கப்படுகின்றது. மற்றையதில் இரைப்பையின் மேற்பகுதி ஏறத்தாழ 30 மில்லிலீற்றர் கொள்ளும் சிறு பையாகப் பிரிக்கப்பட்டுச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியுடன் நேரே இணைக்கப்படுகின்றது. இவற்றின் பயன் உணவின் அளவு குறைவதனால் மட்டும் வருவதன்று. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஓமோன் பெரிதும் சுரப்பது இரைப்பையின் மேற்பகுதியிலேயே. முதல் வகைச் சிகிச்சையில் அப்பகுதி அகற்றப்படுவதனாற் பசி தணிகின்றது. குடலிலிருந்து சுரக்கும் ஓமோன்களும் மாற்றமடைகின்றன. எடை குறையத் தொடங்குமுன்பே, சில நாட்களுக்குள், நீரிழிவு நோயாளர் சிலரின் குருதிச் சீனி இறங்கிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

அப்படியாயின் தராசு முள் ஏன் இடையில் நின்றுவிடுகின்றது? உணவு குறைந்ததும் உடல் முதலில் ஈரலிலும் தசைகளிலும் சேமித்து வைத்துள்ள கிளைக்கோசனைச் செலவிடுகின்றது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோசனுடனும் ஏறத்தாழ 3 கிராம் நீர் பிணைந்துள்ளது. முதலிரு வாரங்களில் எடை மளமளவென்று இறங்குவதில் இந்த நீருக்குப் பெரும் பங்குண்டு. அது தீர்ந்ததும், பெரும்பாலும் மூன்றாம் அல்லது நான்காம் வாரத்தில், இறக்கம் நின்றாற்போலத் தோன்றும். கொழுப்பு அப்போதும் கரைந்துகொண்டுதான் இருக்கும். பின்னர் மீண்டும் ஒரு தேக்கம் வரும். நூறு கிலோ உடலுக்கு வேண்டிய சக்தி 118 கிலோ உடலுக்கு வேண்டியதிலும் குறைவு. அத்துடன் பஞ்சம் வந்துவிட்டதென்று கருதும் உடல் தன் செலவை மேலும் சுருக்கிக்கொள்கின்றது. நாளுக்கு ஒரு வேளை உண்ணத் தொடங்கிய எமது ஆசிரியை இச்சுருக்கத்திற்கே துணை நின்றார். புரதம் போதாமையால் அவரது தசையும் கரைந்தது, தலைமுடியும் உதிர்ந்தது.

ஒப்பிடும் முறையிலும் ஒரு மயக்கம் உண்டு. 160 சென்ரிமீற்றர் உயரமுடையவருக்கு 64 கிலோவை இலக்காகக் கொண்டால், 118 கிலோ உடையவரின் மிகை எடை 54 கிலோ. அவர் 18 கிலோ இழந்தால் மிகையில் மூன்றிலொரு பங்கு குறைந்ததாகக் கணக்கிடுவர். அதே உயரத்தில் 100 கிலோ உடையவர் அதே 18 கிலோவை இழந்தால் மிகையிற் பாதி போய்விட்டதென்பர். இழந்தது ஒன்றே, ஒருவர் தோற்றவராகவும் மற்றவர் வென்றவராகவும் காட்டப்படுகின்றனர். வயது, நீரிழிவு, தைரொயிட் குறைபாடு, இன்சுலின், ஸ்ரீரொயிட், மனநோய்க்கான சில மருந்துகள் ஆகியனவும் இறக்கத்தைத் தாமதப்படுத்தக்கூடும். ஆரம்பத்தில் மெல்லக் குறைவோரின் மொத்த இழப்பும் சராசரியாகச் சற்றுக் குறைவாகவே அமைகின்றது என்பதையும் நாம் மறைப்பதற்கில்லை. ஆனால் குறைவான பயன் பயனின்மை ஆகாது.

சுவீடனில் 1987 இல் ஆரம்பிக்கப்பட்ட நீண்டகால ஆய்வு இதற்குச் சான்றாகும். சத்திரசிகிச்சை பெற்ற 2,010 பேரும் வழமையான சிகிச்சை பெற்ற 2,037 பேரும் அதில் தொடர்ந்து அவதானிக்கப்பட்டனர். சத்திரசிகிச்சை பெற்றோரின் எடை ஓரிரு ஆண்டுகளில் ஆகக் குறைந்த நிலையை அடைந்து, பின்னர் சற்று ஏறியது. சிறு பை அமைத்துக் குடலை மாற்றி இணைத்தவர்களுக்கு முதலில் 32 வீதமும் பத்தாண்டு முடிவில் 25 வீதமும் குறைந்திருந்தது. இரைப்பையைப் பட்டியால் இறுக்கியவர்களுக்கு அப்போது எஞ்சியது 14 வீதக் குறைவே. 2007 இல் வெளியிடப்பட்ட முடிவுகளின்படி வழமையான சிகிச்சை பெற்றோரில் 129 பேரும் சத்திரசிகிச்சை பெற்றோரில் 101 பேரும் இறந்திருந்தனர். இவ்விரண்டாம் பிரிவினரிற் பெரும்பாலோர் இன்று அதிகம் பயன்படுத்தப்படாத பழைய முறைகளால், மிதமான அளவே எடை குறைந்தவர்கள் என்பது கவனிக்கத்தக்கது.

இனி, எமது சமையலறைக்கு வருவோம். பால்மாவும் இரண்டு தேக்கரண்டிச் சீனியும் சேர்ந்த ஒரு கோப்பைத் தேநீரில் ஏறத்தாழ 70 கலோரி இருக்கும். ஐந்து கோப்பையென்றால் 350. நாள் முழுவதும் 800 முதல் 1,000 கலோரி வரையே உட்கொள்ளும் காலத்தில் இது மூன்றிலொரு பங்கிற்கும் மேல்! சிறுத்த இரைப்பை திரவத்தைத் தடுப்பதில்லை. தேநீரும் ஐஸ்கிறீமும் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். இறைச்சித் துண்டொன்று அடைக்கும், பாலில் நனைத்த பிஸ்கற் அடைக்காது. ஆகவேதான் மீன், முட்டை, பயறு, கடலை, தயிர் போன்ற புரத உணவுகளை முதலில் உண்டு, சோற்றையும் பிட்டையும் பின்னுக்கு வைக்குமாறு கூறப்படுகின்றது. நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் என்பது பொதுவான அறிவுறுத்தல். உணவுடன் நீர் அருந்தாமை, விற்றமின் மாத்திரைகளைத் தவறவிடாமை, நடைப்பயிற்சியுடன் தசைக்குரிய பயிற்சி என்பனவும் முக்கியமானவை. இவற்றையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் எடை இறங்காவிடின் மருந்து மாற்றத்தையோ புதிய வகைப் பசியடக்கி ஊசிகளையோ வைத்தியர் பரிசீலிக்கலாம். இது குற்றவிசாரணையன்று, சிகிச்சையின் ஒரு பகுதியே.

தொடர்ந்து வாந்தியெடுத்தல், நீரும் இறங்காமை, கால் விறைப்பு, நடை தள்ளாடல், பார்வை இரட்டித்தல் ஆகியன தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. தயமின் என்னும் விற்றமின் பி1 குறைபாடு மூளையை நிரந்தரமாகப் பாதிக்கவல்லது. எடை இறங்குகின்றதே என்ற மகிழ்ச்சியில் வாந்தியை வரவேற்பவர்களும் இருக்கின்றனர்.

மனத்தின் நிலை பற்றி இங்கு மிகக் குறைவாகவே பேசப்படுகின்றது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 8,800 இற்கு மேற்பட்ட நோயாளரைக் கொண்டு நடத்தப்பட்டு 2016 இல் வெளியான ஆய்வொன்று, சத்திரசிகிச்சையின் பின்னர் தம்மைத் தாமே காயப்படுத்தி அவசர சிகிச்சைக்கு வந்தோரின் வீதம் முன்னரிலும் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகியதைக் காட்டியது. காரணங்கள் பலவாக இருக்கலாம். ஆயினும் கலியாண வீட்டில் எடையை விசாரிப்பதை அன்பென்று கருதும் எம்மவர்கள் இதனை நினைவிற் கொள்வது நல்லது.

ஆசிரியையை மீண்டும் கிளினிக்கிற்கு அழைத்துச் சென்றவர் அவரது மகள். அங்கே வைத்தியர் முதலிற் கேட்டது எடையை அன்று, இன்சுலினை. சத்திரசிகிச்சைக்கு முன் நாளுக்கு இருமுறை ஏற்றிக்கொண்ட ஊசி மூன்றாம் மாதமே நிறுத்தப்பட்டிருந்தது. அதனை அவர் ஒரு பேறாகக் கணக்கில் எடுத்திருக்கவேயில்லை. தேநீரிற் சீனி நின்றது; மூன்று வேளையும் முட்டையோ மீனோ பயறோ தட்டில் வந்தது. பதினான்காம் மாதத்தில் நாம் சந்தித்தபோது அவரது எடை 91 கிலோ. பாடசாலையின் இரண்டாம் மாடிக்கு மூச்சு வாங்காமல் ஏறுவதாகச் சொன்னார். தராசை அலுமாரியின் மேலே வைத்துவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் மகள் அதனை இறக்கிக் கொடுக்கின்றாள்.